பலகை பச்சையாக இருக்கும்வரை

ஜூன் 24

கட்டட வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

"இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்பு" என்று அன்றைய கூட்டத்தில், ஒப்பந்தக்காரர் முதல் டீ கொண்டுவந்தவர் வரை எல்லாரும் பார்க்கச் சொன்னாய். அந்த விதியை நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவன் நான். மேஸ்திரி ஒருவர் வாய்ப்பேச்சை நம்பித் தவறான சுவரை இடித்த பிறகு, 'எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை' என்று கதவில் ஒட்டியவனும் நான். அதே காகிதத்தைக் காட்டி என்னையே வெளியே அனுப்புகிற சாமர்த்தியம் உனக்குத்தான் வரும். பத்திரிகையில் வந்த திறப்பு விழாப் படத்தையும் பார்த்தேன். ஓரத்தில் என் முழங்கை மட்டும் இருக்கிறது. வெட்டியவர் அதையும் சேர்த்து வெட்டியிருக்கலாம்.

அது கிடக்கட்டும். விஷயம் அப்பாவைப் பற்றியது.

நேற்று மாலை அவரிடம் போனில் பேசினேன். மூச்சு வாங்க வாங்கப் பேசுகிறார்.

"என்னப்பா, இருமல் பலமா இருக்கே?"

"மழைடா பெரியவனே. எங்க மாடில பாதிப் பேருக்கு இருக்கு. ஒருத்தர் ஆரம்பிச்சா போதும், வரிசையா எல்லாரும் சேர்ந்துக்கறோம்."

"டாக்டர் வந்தாரா?"

"வந்தார், மருந்து கொடுத்தார். அதை விடு. இந்த மழையிலயும் பலகை ஒரு நாள்கூட சிவக்கல, தெரியுமா? சின்னது கட்டினதுன்னா சும்மாவா!"

சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்த பிறகு அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அப்பா தங்கியிருக்கிற உன் முதியோர் இல்லத்தின் முன்கூடத்தில் தொங்குகிற அந்த மின்பலகையின் கணக்கு எனக்கும் தெரியும். கூரைத் தகடுகள் தரும் சூரிய மின்சாரத்தோடு கட்டடம் தன் செலவை அனுசரித்துப் போனால் பச்சை. வெளி மின்சாரத்தை அளவுக்கு மேல் இழுத்தால் சிவப்பு. இரண்டு வாரமாக உங்கள் பக்கம் வெயிலே இல்லை. தகடுகள் கால்வாசிகூடக் கொடுக்காது. அப்படியும் பலகை பச்சை என்றால், ஓட வேண்டிய ஏதோ ஒன்று ஓடாமல் நிற்கிறது.

எது நிற்கிறது? மூன்றாவது மாடியின் கடைசி அறைக் குழாயில் வெந்நீர் எவ்வளவு சூட்டில் வருகிறது? அளந்து, எழுத்தில் சொல்.

உன் பழைய கூட்டாளி


ஜூன் 25

அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு இருமல் என்றதும் என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று கேட்காமல், வெந்நீர் எவ்வளவு சூடு என்று கேட்கிற மகன் உலகத்தில் நீ ஒருவன்தான். அலுவலகத்தில் உனக்கு வைத்திருந்த பெயர் 'புகார்ப் பெட்டி'. நீ போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை அவர்களுக்குக் காட்டினால் தடை தானாக நீங்கிவிடும்.

கேள்வியின் பின்னால் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாதா? அந்த ஹீட்டர். வாரம் ஒரு தடவை தொட்டி நீரை நன்றாகச் சூடேற்ற ஒரு தனி ஹீட்டர் வேண்டும் என்று வரைந்தாய். நான் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். காரணமும் சொன்னேன். அது ஓடினால் கட்டடத்தின் வருடக் கணக்கு கரியமில வரம்பைக் கால் புள்ளி தாண்டுகிறது. கால் புள்ளிதான், ஆனால் தாண்டினால் சான்றிதழ் கிடையாது. அதோடு வயதானவர்களின் தோல். அறுபது டிகிரி நீர் மேலே பட்டால் என்ன ஆகும்? நாற்பத்தைந்து டிகிரி குளிக்கத் தாராளமாகப் போதும், தொட்டி நீரைச் சூடாக்குகிற வெப்ப பம்ப்பும் குறைந்த மின்சாரத்தில் ஓடும். நீ குழாய் முனையில் குளிர்நீரைச் சேர்த்துவிடுகிற ஒரு கலப்பு வால்வு வைத்தால் தோல் வேகாது என்றாய், செலவு யார் தலையில் என்று நான் கேட்டேன், நீ மேசையைத் தட்டிவிட்டு எழுந்து போனாய். யாரும் உன்னை வெளியே அனுப்பவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி சான்றிதழ்க் குழு வருகிறது. அவர்கள் சரி என்றால் நகராட்சி இனிமேல் கட்டப்போகிற பள்ளி, விடுதி, மருத்துவமனை எல்லாமே இந்த முறையில்தான். எரிவாயுக் குழாயே இழுக்காமல், புகையே விடாமல். சரியில்லை என்றால் எரிவாயுக் கம்பெனி மறுநாளே கொதிகலன்களைக் கொண்டுவந்து இறக்கும். ஒருமுறை இறங்கினால் அவை முப்பது வருடம் எரிந்துகொண்டிருக்கும். எனக்குத் தூக்கம் கெடுகிற விஷயம் இது. உன் கால் புள்ளி அல்ல.

தொட்டியின் சூட்டைப் பராமரிப்பாளர் தினமும் பார்க்கிறார். சரியாக இருக்கிறது. அப்பாவுக்கு இருப்பது சளி.

தங்கை

பி.கு. படத்தை யாரும் வெட்டவில்லை. எடுக்கும்போதே நீ நகர்ந்து போய்க்கொண்டிருந்தாய்.


ஜூன் 27

தங்கைக்கு,

நகர்ந்து போனேன்தான். "நல்ல நாள்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காதே, போ" என்று அப்பா சொன்னார். போனேன். அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் நான் கால் வைக்கவில்லை.

உன் கடிதத்தைச் சலவை ஆலையின் கொதிகலன் அறையில் நின்றுகொண்டு படித்தேன். என் வேலை இப்போது அங்கேதான். மருத்துவமனைப் போர்வைகளை அவிக்கிற கொதிகலனுக்குக் காவல். என் பட்டமும் அனுபவமும் ஒரு வட்டக் கண்ணாடிக்குள் நடுங்குகிற முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பொறாமைக்காரன் என்று நீ நினைக்க எல்லா வசதியும் செய்து வைத்திருக்கிறேன்.

ஆனாலும் கேள். லீஜியோனெல்லா என்று ஒரு கிருமி. எந்த ஊர்த் தண்ணீரிலும் கொஞ்சம் இருக்கும். குளிர்ந்த நீரில் சும்மா கிடக்கும். அறுபது டிகிரியில் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே, வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கிற நீரில் பெருகும். ஷவரின் பொடித் துளிகளோடு மூச்சில் போனால் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். இளவயதுக்காரர்கள் தப்பித்துவிடுவார்கள். எண்பது வயதுக்காரர்களை அது சுலபத்தில் விடாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டுவதில்லை. அப்படியிருக்க ஒரே மாடியில் பாதிப் பேர் இருமுகிறார்கள் என்றால், எல்லாரும் எதைச் சேர்ந்து சுவாசித்தார்கள்?

தொட்டியை அளக்காதே. தொட்டி எப்போதும் நல்ல பிள்ளையாகவே இருக்கும். கடைசி அறைக்குப் போ. அங்கே குழாயைத் திற. கையை வைத்துப் பார்.

இன்றும் அப்பாவிடம் பேசினேன். "பக்கத்து ரூம் தையல்காரர் எழுந்திருக்கவே இல்லடா. என் சட்டைக்குப் பட்டன் வச்சுத் தரேன்னு வாங்கிட்டுப் போனார், சட்டை அங்கயே கிடக்கு" என்றார். நீ எப்படிக் குளிக்கிறாய் என்று கேட்டேன். "ஷவர்லதான். சுடச்சுட எதுக்குடா? வெதுவெதுன்னு வந்தா போதாதா? உன் ஹீட்டர் ஓடியிருந்தா பலகை சிவந்து மானம் போயிருக்கும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், போனை யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள்.

இதை வன்மம் என்று நீ எடுத்துக்கொள்வாய். உன் கட்டடம் ஒரு நாள் சறுக்க வேண்டும் என்று நான் காத்திருக்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் காத்திருந்தவன் சொல்கிறான் என்பதற்காகக் கிருமி இல்லாமல் போய்விடாது.

அண்ணன்


ஜூன் 28, காலை

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பராமரிப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தொட்டி நாற்பத்தைந்து. கணக்குப்படி எல்லாம் சரி. குழு வருவதற்குச் சில நாள் இருக்கும்போது நான் மாடி மாடியாகக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேலையாட்கள் என்ன நினைப்பார்கள்? அதற்குள் வெளியே பேச்சு கிளம்பும். யாரிடம் போய்ச் சேரும் என்று உனக்குத் தெரியும்.

இப்படி எழுதி எழுதி என்னைப் பயமுறுத்தாதே. காலையிலிருந்து கை வேலையில் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது.

தையல்காரரை நேற்று மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு.

அப்பாவுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. மருந்து மாற்றவில்லை.

தங்கை


ஜூன் 28

நான் கூப்பிட்டால் போனை எடு. எடுக்கமாட்டாய் என்றால் இதையாவது படி.

கட்டடத்தை விடு. குழுவை விடு. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. அப்பாவைக் கொண்டுபோய் மருத்துவமனையில் சேர். டாக்டரிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்: லீஜியோனெல்லா. சிறுநீரை வைத்துச் சோதனை இருக்கிறது, சீக்கிரம் தெரிந்துவிடும். சளிக்குக் கொடுக்கிற வழக்கமான மருந்து இதற்குக் கேட்காது. இதற்கு வேறு மருந்து. தாமதம்தான் ஆளைக் கொண்டுபோகும். தையல்காரரைப் பார்க்கிற டாக்டரிடமும் சொல்லச் சொல்.

நான் சொன்னது தப்பாக இருந்தால் அலுவலகக் கதவில் என் படத்தை ஒட்டி அடியில் புகார்ப் பெட்டி என்று எழுதிக்கொள். ஆணி நானே வாங்கித் தருகிறேன்.

அண்ணன்


ஜூன் 30

அண்ணா,

அப்பாவைச் சேர்த்துவிட்டேன். மூக்கில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் உன் வார்த்தையைச் சொன்னேன்.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"எங்க அண்ணன்."

"அவரும் டாக்டரா?"

"இல்ல. குழாய் இன்ஜினியர்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்து சோதனைக்கு எழுதினார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தையும் மாற்றிவிட்டார்.

அங்கிருந்து நேரே இல்லத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி, கடைசி அறை. ஆள் இல்லாத அறை. குளியலறைக் குழாயைத் திறந்தேன். முதலில் துருப்பிடித்த மாதிரி ஒரு வாடை. தண்ணீர் வெதுவெதுவென்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. சூடு ஏறவே இல்லை. குழாய்களில் வெந்நீரைச் சுற்றவிடுகிற பம்ப் ஓடினால் திறந்த உடனே சூடாக வரவேண்டும், எனக்குத் தெரியாதா? நான்தானே கட்டினேன்.

கீழே போனேன். பம்ப் நின்றுகொண்டிருந்தது. அதன் பெட்டியில் ஒரு திருகு குமிழ் இருக்கிறது: எப்போதும் ஓடு, வெயில் மின்சாரம் இருக்கும்போது மட்டும் ஓடு. இரண்டாவதில் இருந்தது. வெயில் காலத்துக்கு என்று நான்தான் அந்த இரண்டாவதைச் சேர்த்தேன். இந்த மழையில் அப்படி விட்டால் அது ஓடவே ஓடாது.

பராமரிப்பாளரைக் கேட்டேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேடம், பெரியய்யாதான் சொன்னாருங்க."

"எந்தப் பெரியய்யா?"

"உங்க அப்பா மேடம். மழை ஆரம்பிச்ச அன்னைக்கு பலகை மஞ்சளாச்சு, அடுத்தது சிவப்புதான். அய்யா பதறிட்டாரு. எது எது ஓடுதுன்னு ஒவ்வொண்ணா கேட்டாரு. இதுவும் ஓடுதுன்னேன். 'சும்மா தண்ணியைச் சுத்தி விடறதுக்கு மின்சாரமா? நிறுத்துடா. குழு வர்ற நேரத்துல எம்பொண்ணு பேரு கெடக்கூடாது'ன்னாரு. நீங்களே சொன்ன மாதிரி இருந்துச்சு மேடம்."

எழுத்தில் இல்லை. வாய்ப்பேச்சு.

இன்னும் கேள். அப்பா மாடியையே ஒரு ரயில் பெட்டியாக நடத்தியிருக்கிறார். முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அல்லவா? காலையில் அறை அறையாகப் போய்த் தட்டி, "வெந்நீர் யாரு திறந்தது? இது ஓசிப் பயணம் இல்ல" என்று கேட்பாராம். எல்லாரும் அவருக்குப் பயந்தும், பாதி விளையாட்டாகவும், குழாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பலகைக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பச்சை என்றால் கைதட்டுவார்களாம். யாரும் திறக்காத குழாயில் தண்ணீர் நின்றது. நின்றதெல்லாம் நீ சொன்ன நடு சூட்டில்.

இதில் அப்பாவைக் குற்றம் சொல்லாதே. நாற்பத்தைந்து என்று வைத்தது நான். திருகு வைத்தது நான். பலகையை மாட்டியதும் நான். அவர் என்னை நம்பினார், அவ்வளவுதான்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல். கேள்வி கேட்காமல் செய்கிறேன்.

தங்கை


ஜூலை 1

சின்னதுக்கு,

இன்றே ஷவர் எல்லாவற்றையும் மூடு. யாரும் குளிக்கக் கூடாது, துணி நனைத்துத் துடைத்துக்கொள்ளட்டும். தண்ணீர் மாதிரியை முதலில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பு. சுத்தம் செய்த பிறகு எடுத்தால் சாட்சி போய்விடும். பிறகு தொட்டியை எழுபது வரை ஏற்று. ஹீட்டர் இல்லை, அதனால் வெப்ப பம்ப் எட்டுகிற வரை எட்டட்டும், மீதிக்கு வாடகைக்கு ஒரு மின் ஹீட்டர் பிடி. சுற்றுப் பம்ப்பை எப்போதும் ஓடும்படி வை. ஆட்களை அறைகளிலிருந்து வெளியேற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறந்து அந்தச் சூடு கடைசிக் குழாய் வரை போகும்படி ஓடவிடு. திறக்கிறவர் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். கதவுகளில் எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு. இது முடிந்ததும் நிரந்தரமாக அறுபது, குழாய் முனையில் கலப்பு வால்வு.

பலகை சிவக்கும். சிவக்கட்டும்.

அப்பாவை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. நான் வரைந்த எந்தக் குழாய்க்காவது அவர் ஒருநாள் இப்படிக் காவல் இருந்ததுண்டா? படிக்கிற காலத்தில் என் முதல் வரைபடத்தின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதினார். சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லிவிட்டேன். பதில் வேண்டாம்.

இன்னொன்றும் உனக்குத் தெரியவேண்டும். இன்று காலை ஆலைக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, எரிவாயுக் கம்பெனி அதிகாரி. தையல்காரர் விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. கொதிகலன் அறைச் சூட்டில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"சார், உங்க திறமைக்கு இது இடமா? அந்தக் கட்டடத்தை முதல்ல வரைஞ்சது நீங்கதானாமே. உங்க ஹீட்டரை அடிச்சுட்டாங்களாமே. குழு முன்னாடி வந்து, இந்த மாதிரி கட்டடம் ஆபத்துன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

உன் சிவப்புக் கோடு விழுந்த அந்த வரைபடம் என்னிடம்தான் இருக்கிறது. உனக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்


ஜூலை 4

அண்ணா,

தையல்காரர் நேற்று போய்விட்டார். அவருடைய மகள் வந்து அறையைக் காலி செய்தாள். அப்பாவின் சட்டையை என்னிடம் கொடுத்தாள். பட்டன் எல்லாம் வைத்து, மடித்து வைத்திருந்தார். அதை வாங்கும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது. அவருக்கும் அதுவே, அப்பாவுக்கும் அதுவே. இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆரம்பத்திலேயே சரியான மருந்து போய்விட்டதால் தேறிவிடுவார்கள் என்கிறார் டாக்டரம்மா. அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்கிறார். நேற்றும் அதே 'பார்க்கலாம்'. ஆக்சிஜன் முகமூடி பெரிதாகிவிட்டது.

நீ சொன்னதெல்லாம் செய்துவிட்டேன். சுகாதாரத் துறைக்கு நானே எழுதிக் கொடுத்தேன். பலகை முதல்தடவையாகச் சிவந்தபோது கூடத்தில் எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள், யாரோ இறந்த வீட்டில் நிற்கிற மாதிரி. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க என்ன தப்பு பண்ணோம்மா? எல்லாம் சரியாத்தானே செஞ்சோம்?" என்று கேட்டார்.

குழுவிடம் போகப் போகிறேன். ஹீட்டர் முதல் வரைபடத்தில் இருந்தது, அடித்தது நான் என்று நானே சொல்லப் போகிறேன். நீ உன் வரைபடத்தோடு அந்த அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்வேன். உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். வாகனம் நிறுத்துகிற கொட்டகையின் கூரை காலியாகக் கிடக்கிறது. அங்கே தகடு போட்டால் உன் ஹீட்டருக்கு வேண்டிய மின்சாரம் வருடக் கணக்கில் அடங்கிவிடுகிறது, வரம்பும் தாண்டாது. முந்தாநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அரை மணி நேரத்தில் தெரிந்தது உனக்கு அன்றைக்குத் தெரியவில்லையா? தெரிந்தும் மேசையைத் தட்டினாயா?

அப்பா கண் திறக்கும்போதெல்லாம் முகமூடிக்குள் ஏதோ கேட்கிறார். குனிந்து கேட்டேன். "பலகை?" என்கிறார். பச்சை என்று சொல்லிவிட்டேன்.

சின்னது


ஜூலை 5

சின்னதுக்கு,

கொட்டகைக் கூரையைப் பற்றிய கேள்விக்கு எழுத்தில் பதில் தரமாட்டேன்.

அதிகாரி நேற்று மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஒரு காகிதத்தையும் தயாராக அடித்துக் கொண்டுவந்திருந்தார், என் கையெழுத்துக்கு இடம் விட்டு. படித்தேன். 'சூரிய ஆற்றலை நம்பிய கட்டடங்கள் உயிருக்கு ஆபத்தானவை' என்று ஆரம்பிக்கிறது.

"இது பொய்" என்றேன்.

"ஆள் செத்திருக்காரே சார்."

"ஆளைக் கொன்னது வெதுவெதுப்பா நின்ன தண்ணி. உங்க கொதிகலன்லயும் நாற்பத்தஞ்சுல வச்சு பம்ப்பை நிறுத்தினா இதேதான் நடக்கும். சூரியன் என்ன பண்ணுச்சு?"

"உங்க தங்கச்சி உங்களுக்குப் பண்ணினதுக்கு அப்புறமும் அவங்க பக்கம் பேசறீங்களா?"

அந்த ஆளுக்கு எங்கள் வீட்டு விஷயம் எவ்வளவு தெரிந்திருக்கிறது பார். அவர் பக்கம் நின்றால் என் முழங்கைக்குப் பதிலாக முகமே பத்திரிகையில் வரும். ஒரு நிமிஷம் அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தேன், மறைக்கவில்லை. பிறகு சொன்னேன்: "அவளோட சண்டை போடறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. உங்களுக்கு இல்ல. வெளியே படி வழுக்கும், பாத்துப் போங்க."

வரைபடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் சிவப்புக் கோட்டோடு. குழுவிடம் காட்டு. ஹீட்டர் நடுப்பகலில் ஓடும்படி ஒரு சின்ன மாற்றம் பென்சிலில் போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் தகடுகள் அதிகம் கொடுக்கும். மழைக்காலத்தில் வெளி மின்சாரம் கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும். அந்த நாட்களில் பலகை சிவப்பாக இருப்பது அவமானம் இல்லை என்று அந்த அம்மாவிடம் சொல். சிவப்பு இல்லாத கணக்கைத்தான் சந்தேகப்படவேண்டும்.

அப்பாவிடம் பொய் சொல்லாதே. டிக்கெட் பரிசோதகரிடம் பொய் நிற்காது, முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் மாட்டாத நாளே இல்லை.

நான் வரவா என்று நீ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போ என்று சொன்னவர் வா என்று சொல்லாத இடத்துக்கு நான் எப்படி வருவது? இதை எழுதும்போதே அசட்டுத்தனம் என்று தெரிகிறது. ஆனாலும் இரண்டு நாளாகப் பையை எடுத்து வைப்பதும், துணியை வெளியே எடுப்பதுமாக இருக்கிறேன். டாக்டரம்மாவின் 'பார்க்கலாம்' என்ன ஆயிற்று என்று மட்டும் உடனே எழுது.

அண்ணன்


ஜூலை 7

அண்ணா,

'பார்க்கலாம்' இன்னும் 'பார்க்கலாம்'தான். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, மூச்சிரைப்பு இறங்கவில்லை. நாளைக்குள் மூச்சு சீராகவில்லை என்றால் தொண்டையில் குழாய் போட்டுவிடுவார்களாம். அதற்குப் பிறகு பேசமுடியாது என்கிறார்கள்.

வரைபடம் வந்தது. பென்சில் குறிப்பையும் பார்த்தேன். ஓரத்தில் கொட்டகைக் கூரையைப் பழைய மையில் லேசாக வரைந்து அழித்திருக்கிறாய். ஒன்றும் கேட்கமாட்டேன்.

இன்று மதியம் அப்பாவுக்கு நல்ல நினைவு இருந்தது. சட்டையைக் காட்டினேன். பட்டன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தையல்காரர் எங்கே என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், போதும் என்று தலையை ஆட்டினார். பிறகு முகமூடியைத் தானே கொஞ்சம் விலக்கினார்.

"பலகை என்ன நிறம்?"

"சிவப்புப்பா" என்றேன். "ஆறு நாளா சிவப்பு. ஹீட்டர் ஓடுது."

கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், மனம் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். நர்ஸ் முகமூடியைச் சரிசெய்ய வந்தாள். அவள் கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் பேசினார். காதை வாயருகே வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"அப்போ பெரியவன் வந்துட்டானா?"

இன்னும் இல்லை என்றேன்.

அதிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் உள்ளே வந்தாலும் ரயில் பெட்டியில் பார்ப்பது போல ஒருமுறை மேலும் கீழும் பார்க்கிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், மறுபடியும் கதவு.

எழுத்தில் கேட்கிறேன், அண்ணா. வா.

சின்னது